பழைய சொகுசுக் கார் ஓட்டும்போது மற்றவர்கள் நம்மைப் பார்க்கும் விதம்: உங்கள் அனுபவம் என்ன?

1. பழையசாவி

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாக நீங்கள் எழுதுவதையெல்லாம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போதுதான் நானும் கேட்க ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால் 1988ஆம் வருட மெர்சிடிஸ் 300எஸ்இ ஒன்று வாங்கினேன். டபிள்யூ126 என்று சொல்கிற எஸ் கிளாஸ் தலைமுறைதான். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், அடர்நீல நிறம், உட்கார்ந்து உட்கார்ந்து மெத்தென்று ஆகிவிட்ட தோல் சீட். ஒரே குடும்பத்திடம் இருந்த வண்டி. அந்த வீட்டுப் பெரியவருக்குக் கண்பார்வை மங்கியதும் நான்கு வருடம் ஷெட்டில் நின்றிருக்கிறது. சாவியைக் கொடுக்கும்போது பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நான் கொடுத்த தொகை ஒரு புதுச் சின்னக் காரின் விலையில் பாதிகூட வராது.

கேட்க வந்தது வண்டியைப் பார்க்கிற ஆட்களைப் பற்றி. இதற்கு முன் பத்து வருடம் சாதாரண ஹாட்ச்பேக் ஓட்டினேன். அதில் போனபோது என்னை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது சிக்னலில் நின்றால் பக்கத்து பைக்காரர் கண்ணாடியைத் தட்டி "எந்த வருஷ மாடல் சார்?" என்கிறார். லாரி ஓட்டுநர் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டு, கையைத் தூக்கிச் சிரித்துவிட்டுப் போனார். அலுவலக வாசல் காவலர் ஆறு வருடமாக என்னைத் தெரிந்தவர். முதல் நாள் இந்த வண்டியில் போனபோது எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. வீட்டிலோ, "பெரிய ஆளாயிட்டீங்க" என்கிறார் மச்சான். "யானையைக் கட்டித் தீனி போடப் போறியா" என்கிறார் சித்தப்பா. இரண்டு பேரும் பார்த்தது ஒரே வண்டியைத்தான்.

நான் அதே ஆள். சம்பளமும் அதேதான். ஏன் ஆளுக்கு ஒரு விதமாக நடந்துகொள்கிறார்கள்? நீங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?

2. இரட்டைடேங்க்

வாழ்த்துகள் தம்பி. நல்ல வண்டி எடுத்திருக்கிறீர்கள். மெர்சிடிஸ் வடிவமைப்பாளர் புரூனோ சாக்கோ வரைந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

என்னிடம் பதினான்கு வருடமாக ஜாகுவார் எக்ஸ்ஜே6 இருக்கிறது, மூன்றாவது சீரிஸ். 1968இல் ஜாகுவார் நிறுவனர் வில்லியம் லயன்ஸ் கொண்டுவந்த உருவத்தை 1979இல் இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் பினின்ஃபரினாவை வைத்துக் கொஞ்சம் திருத்தினார்கள், அந்த வண்டி. இதில் பெட்ரோல் டேங்க் இரண்டு. பின்பக்கம் இடதில் ஒன்று, வலதில் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனியாக மேலே பார்த்த குரோம் மூடி. டாஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு டேங்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெட்ரோல் பங்க்கில் ஒரு பக்கம் நிரப்பி முடித்ததும் நான் இறங்கிப் போய் அடுத்த மூடியைத் திறப்பேன். பெட்ரோல் போடும் பையன் குழம்பி நிற்பான். "இந்தப் பக்கமும் போடணும்பா" என்றதும் அவன் முகத்தில் வருகிற மலர்ச்சி இருக்கிறதே, பதினான்கு வருடமாகியும் எனக்கு அது அலுக்கவில்லை. பக்கத்து வண்டிக்காரரும் எட்டிப் பார்ப்பார். பேச்சு அப்படித்தான் தொடங்கும்.

நான் கவனித்த வரையில், அருகில் வருகிறவர்களில் பெரும்பாலோர் என் வண்டியைப் பற்றிப் பேச வருவதில்லை. தங்கள் வண்டியைப் பற்றிப் பேச வருகிறார்கள். "எங்கப்பா வேலை பார்த்த வீட்டுல இதே மாதிரி ஒண்ணு நின்னுச்சு." "சின்ன வயசுல ஒரே ஒரு தடவை இதுல ஏறியிருக்கேன்." இப்படித்தான் முதல் வரி வரும். அதற்கப்புறம் நான் பேசுவதே இல்லை, கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒருமுறை ஒரு அம்மா பின்கதவைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே தலையை மட்டும் நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்தார். தோலும் பழைய மரமும் கொஞ்சம் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. யாரை நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அவசரமாகப் போகும் நாளில் இந்த வண்டியை எடுக்காதீர்கள். வழியில் நின்று பேசப் பத்து நிமிடமாவது கையில் இருக்க வேண்டும்.

3. நிழல்வண்டி

எல்லோரும் இனிப்பாகவே எழுதுவீர்கள் என்று தெரியும். மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

ஐந்து வருடம் ஒரு பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) செடான் வைத்திருந்தேன். எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. விற்றுவிட்டேன். வண்டி தொந்தரவு கொடுத்ததால் விற்கவில்லை, பார்வை தாங்காமல் விற்றேன்.

வண்டியைப் பார்த்ததும் என்னிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதே ரேடியேட்டர் ஹோஸுக்கு, முன்னால் நின்ற சாதாரண வண்டிக்காரருக்குச் சொன்னதைப் போல மூன்று மடங்கு சொன்னார்கள். என் காதுபடவே. உறவுக்காரர்கள் கடன் கேட்டார்கள். இல்லை என்று சொன்னால், "இந்த வண்டி வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றியே" என்று மனக்கசப்பு. கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்கள்கூட வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

நெடுஞ்சாலையில் நடந்தது ஒன்று. ஒருவர் ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை நீட்டி என் வண்டியைப் படம் எடுத்தபடியே பக்கத்திலேயே வந்தார். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். நான் வேகத்தைக் குறைத்தால் அவரும் குறைத்தார். என் மனைவி கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றே தீர்மானித்துவிட்டேன்.

பிடித்திருக்கிறது என்பதற்காக வாங்கிய பொருளை, அடுத்தவர் கண்ணுக்குப் பயந்து மூடி வைக்கும் நிலை வந்தால் அதில் என்ன சந்தோஷம்?

4. டீசல்மனசு

நிழல்வண்டி அண்ணா சொல்வது நிஜம். ஆனால் எந்த வண்டி என்பதைப் பொறுத்து இது நிறைய மாறும் என்று நினைக்கிறேன்.

நான் ஓட்டுவது டபிள்யூ123, 300டி. ஐந்து சிலிண்டர் டீசல். அதுவும் மெர்சிடிஸ்தான், முன்னால் அதே நட்சத்திரம்தான். ஆனால் இதைப் பார்த்து யாரும் என்னைப் பணக்காரர் என்று நினைத்ததில்லை. இந்த மாடல் 1976இல் வந்து பத்து வருடத்தில் கிட்டத்தட்ட 27 லட்சம் விற்றது. ஜெர்மனியில் டாக்சியாக ஓடிய வண்டி. பல நாடுகளில் மூட்டை முடிச்சு ஏற்றி இன்னும் ஓடுகிறது. இதற்கு முந்தைய தலைமுறை 240டி ஒன்றை கிரிகோரியோஸ் சாச்சினிடிஸ் என்ற கிரேக்க டாக்சி ஓட்டுநர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004இல் அதை மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். அந்தக் கதையைத் தெரிந்தவர்கள் என் வண்டியைப் பார்க்கும்போது, உழைத்து ஓய்ந்த ஒருவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும்.

வேகமும் ஒரு காரணம். காலையில் சாவியைத் திருப்பி, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சிக்னலில் பச்சை விழுந்தால் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். யாரையும் முந்தாத, யாரையும் ஹாரன் அடித்து விரட்டாத வண்டியிடம் யாருக்கும் கோபம் வராது. புது சொகுசு வண்டி பின்னால் வந்து லைட் அடித்தால் எரிச்சல்தானே வரும்? அதே கம்பெனியின் நாற்பது வருட வண்டியைக் கண்டால் சிரிக்கிறார்கள்.

5. பழையசாவி

இரட்டைடேங்க் சார், அந்த அம்மா வாசனை பார்த்ததைப் படித்துவிட்டு நானும் ஷெட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். உண்மைதான், ஒரு வாசனை இருக்கிறது. இனி அதில் ஏர் ஃப்ரெஷ்னர் வைக்கமாட்டேன்.

வீட்டம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "இன்னொரு குழந்தையை வளர்க்கிற செலவு" என்றாள். மூன்றாவது வாரம் இரவில் ஒரு நீண்ட பயணம் போனோம். வழக்கமாக வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அன்று ரேடியோ வேலை செய்யவில்லை. அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் வந்தவள், அப்புறம் பேச ஆரம்பித்தாள். வருடக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்த விஷயங்கள். ஊர் வந்தும் இறங்காமல் வாசலிலேயே உட்கார்ந்து பேசினோம். ரேடியோவை நான் இன்னும் சரி செய்யவில்லை.

6. முப்பதுதாண்டியது

ஒரு விஷயத்தை யோசியுங்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபீவா, 1966இல் தொடங்கியது. வரலாற்று வாகனம் என்றால் என்ன என்று அவர்கள் வரையறுத்திருக்கிறார்கள்: குறைந்தது 30 வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் இருந்தபடியே பராமரிக்கப்பட வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மூன்றாவதைக் கவனியுங்கள். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிப் போகும் வண்டி அவர்கள் கணக்கில் வராது.

இதில் அர்த்தம் இருக்கிறது. மீண்டும் தயாரிக்க முடியாத பொருள் இது. சிக்னலில் யாரோ உரசினால் அந்தக் குரோம் பட்டைக்கு எங்கே போவீர்கள்? பழையசாவி, நீங்கள் தினமும் அலுவலகத்துக்கு நெரிசலில் ஓட்டுகிறீர்கள் என்றால் அது அந்தப் பெரியவருக்குச் செய்கிற நியாயமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுங்கள், ஒரு சுற்று போங்கள், உறையைப் போட்டு மூடுங்கள். பார்க்கிறவர்களுக்கும் அப்போதுதான் அது அபூர்வமாகத் தெரியும்.

7. ஸ்பானர்13

நான் மெக்கானிக். முப்பத்தொரு வருடமாக இதுதான் தொழில். முப்பதுதாண்டியது ஐயா சொல்வதன் ஒரு பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மறுபாதிக்கு என் கையில் பட்ட அனுபவம் எதிராக இருக்கிறது.

ஓடி ஓடிக் கெட்ட வண்டியை விட, நின்று நின்று கெட்ட வண்டிதான் என் ஷெட்டுக்கு அதிகம் வருகிறது. நிற்கிற வண்டியில் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகும். பெட்ரோல் டேங்க்கின் அடியில் தண்ணீர் சேரும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை உள்ளிருந்தே மென்மையாக்கிவிடும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் ஒரே இடத்தில் அழுந்தி, அழுந்தியபடியே காய்ந்துவிடும். டயரைப் பார்த்தால் பட்டன், அதாவது தரையில் படும் வரிப்பள்ளம், அப்படியே புதிது போல இருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தைக் காட்டும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தைக் காட்டும். 1109 என்றிருந்தால் அது 2009ஆம் வருடம் பதினோராவது வாரத்தில் வந்த டயர். அதில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள், பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி.

பழையசாவி, நான்கு வருடம் நின்ற வண்டி என்கிறீர்கள். டயர், பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், எல்லா ஆயிலும் மாற்றியாயிற்றா? இல்லையென்றால் பதில் எழுதுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

இங்கே யாரும் மெக்கானிக்குகளின் பார்வையைச் சொல்லவில்லை. பழைய வண்டி உள்ளே வந்தால் என் ஷெட்டில் இரண்டு விதமாக நடக்கும். இருபது வயதுப் பையன்கள் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு வந்து, செருக எங்கே இடம் என்று தேடுவார்கள். இருக்காது. தயங்கிப் பின்வாங்குவார்கள். நான் அவர்களைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவர் மேல் வைப்பேன். "கண்ணை மூடு. எந்த சிலிண்டர் தடுமாறுது?" நாலைந்து முறை தப்பாகச் சொல்வான். ஒரு நாள் சரியாகச் சொல்வான். அன்றைக்கு அவன் நடையே வேறு மாதிரி இருக்கும்.

மூத்தவர்கள் சத்தம் கேட்டதுமே வந்துவிடுவார்கள். ஒருமுறை ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ ஒன்று வேலைக்கு வந்தது. அந்த வண்டியில் பிரேக்கும் பின்பக்கம் உயரத்தைச் சமன் செய்வதும் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் நடக்கும். உயரம் சமன் செய்யும் நுட்பத்தைச் சிட்ரோனிடமிருந்து உரிமம் பெற்றுச் சேர்த்தார்கள். அதற்கென்று தனி ஆயில், ஆர்ஆர்363. அதற்குப் பின்னால் 1980இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கு மினரல் ஆயில். இரண்டையும் மாற்றி ஊற்றினால் சீல் எல்லாம் போய்விடும். அந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற என் குருநாதரைக் கூப்பிட்டேன். எழுபத்தெட்டு வயது. வந்தவர் கருவி எதையும் தொடவில்லை. பிரேக் பெடலைக் கையால் அழுத்தினார், ஒரு விரல் அளவுதான் இறங்கும் அது. எத்தனை முறை அழுத்தினால் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று எண்ணினார். அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் அக்குமுலேட்டரில் எவ்வளவு அழுத்தம் மிச்சம் என்று அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும். சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று, "இனிமே என்னை இதுக்கு யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

வண்டியை ஓட்டுங்கள். வாரம் ஒரு முறையாவது, எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓட்டுங்கள்.

8. முப்பதுதாண்டியது

ஸ்பானர் ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். நானும் வண்டியை நிறுத்தியே வைக்கச் சொல்லவில்லை. நெரிசலில் தினமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வாரம் ஒருமுறை என்பதில் நம் இருவருக்கும் ஒரே கருத்துதான்.

9. பின்சீட்டுமகள்

என் அப்பாவின் வண்டியைப் பற்றி எழுத வந்தேன். நான் ஓட்டுவதில்லை, வளர்ந்தது மட்டும் அதன் பின்சீட்டில்.

நீங்கள் எல்லோரும் வெளியே இருந்து பார்க்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறீர்கள். உள்ளே ஏற மறுக்கிற ஆளும் உண்டு. என் மகனுக்கு மூன்று வயது. அப்பா அவனை முன்னால் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போக ஆசைப்பட்டார். நான் விடவில்லை. அப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

அந்தக் காலத்து சொகுசு வண்டிகள் அந்தக் காலத்துக்குப் பாதுகாப்பானவை, அதில் சந்தேகமில்லை. பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில்தான் வந்தது. ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் கொஞ்ச நாளில் டபிள்யூ126இல் வந்தது. ஆனால் அவை விருப்பப்பட்டால் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் அம்சங்கள். எல்லா வண்டியிலும் இருந்ததில்லை. பக்கவாட்டு ஏர்பேக் கிடையாது. குழந்தை சீட்டைப் பூட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது. அப்பாவின் வண்டியில் பின்சீட்டு பெல்ட் நடுவில் இடுப்புக்கு மட்டும்தான். "இரும்பு எவ்வளவு கனம் பாரு" என்று கதவைத் தட்டிக் காட்டுகிறார். கனம் மட்டும் குழந்தையைக் காப்பாற்றாது அப்பா என்றேன்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். பின்சீட்டின் ஓரங்களில் மூன்று முனை பெல்ட் இருந்தது. பெல்ட்டாலேயே இறுக்கிக் கட்டும் வகைக் குழந்தை சீட் வாங்கினோம், பழைய பெல்ட்டுகளைப் புதிதாக மாற்றினோம். இப்போது தாத்தாவும் பேரனும் காலை நேரத்தில், கூட்டமில்லாத சாலையில், மெதுவாகப் போய் வருகிறார்கள். பேரன் ஜன்னலைச் சுற்றி இறக்கக் கற்றுக்கொண்டான். கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி இறங்கும் என்பது அவனுக்குப் பெரிய அதிசயம். வேறு எந்த வண்டியில் ஏறினாலும் அந்தக் கைப்பிடியைத் தேடுகிறான்.

10. அமைதிவி8

அக்கா, நல்ல பதிவு. நானும் ஒரு பெண் என்பதால் இதை எழுதத் தோன்றியது.

1990 லெக்ஸஸ் எல்எஸ்400 என்னுடையது. என் சம்பாத்தியத்தில் வாங்கினேன், என் பெயரில் இருக்கிறது, நான்தான் ஓட்டுகிறேன். நிறுத்திவிட்டு இறங்கினால் கேள்வி என் தம்பியிடம் போகும். "எவ்வளவு மைலேஜ் தருது?" "எஞ்சின் என்ன?" அவனுக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது, என் பக்கம் கையைக் காட்டுவான். அப்புறம் "அப்பா வண்டியா?" என்று ஒரு கேள்வி வரும். முதலில் கோபம் வந்தது. இப்போது பானெட்டைத் திறந்து நான்கு லிட்டர் வி8ஐக் காட்டி, டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கேட்டவர் இரண்டு நிமிடத்தில் என்னிடமே பேச ஆரம்பித்துவிடுவார்.

அதோடு, என் வண்டியைப் பெரும்பாலோர் திரும்பியே பார்ப்பதில்லை. பழைய சாதாரண செடான் என்று நினைத்துவிடுகிறார்கள். 1989இல் இது வந்தபோது பானெட்டின் மேல் ஷாம்பெயின் கிளாஸ்களைக் கோபுரமாக அடுக்கி, உருளைகளின் மேல் சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டு விளம்பரம் எடுத்தார்கள். ஒரு கிளாஸ்கூட விழவில்லை. அதன் பெருமை எல்லாம் அந்த ஆட்டமின்மையில்தான் இருக்கிறது, வெளியே தெரியாது. தெரிந்தவர் ஒருவர் எப்போதாவது வருவார். வண்டி ஸ்டார்ட்டில் நிற்கும்போது பம்பர் அருகே குனிந்து, காதைக் கொடுத்து, நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அந்த ஒரு தலையசைப்பு எனக்குப் போதும். நிழல்வண்டி, உங்களுக்கு இந்த வகை வண்டி பொருந்தும் என்று நினைக்கிறேன்.

11. இரட்டைடேங்க்

இழையைத் தொடங்கிய தம்பி ஏன் என்று கேட்டிருந்தார். அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. ரொம்ப நாளாக என் மனதில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வண்டிகளின் கண்ணாடியைப் பாருங்கள். ஜன்னல் உங்கள் தோளுக்குக் கீழே தொடங்குகிறது. தூண்கள் மெலிசு. கண்ணாடியில் கறுப்புப் பூச்சு கிடையாது. சிக்னலில் நிற்கும்போது உங்கள் முகம், கை, நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் விதம் எல்லாம் வெளியே தெரியும். ஒருவர் திரும்பிப் பார்த்தால் நேராக உங்கள் கண்ணில்தான் படும். நீங்கள் சிரித்தால் அவருக்குத் தெரியும்.

இப்போது வரும் பெரிய வண்டிகளில் கதவு மார்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. கவிழ்ந்தால் நசுங்காமல் இருக்கவும் உள்ளே ஏர்பேக் வைக்கவும் தூண்கள் தடித்துவிட்டன. காரணம் நல்ல காரணம்தான், பின்சீட்டுமகள் சொன்னது அதைத்தான். ஆனால் உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. தெரியாத ஆள் மேல் எரிச்சல் சுலபமாக வரும். பழைய வண்டியில் ஆள் தெரிகிறார். அதனால்தான் பைக்காரர் கண்ணாடியைத் தட்டுகிறார் என்பது என் எண்ணம். புது சொகுசு வண்டியின் கண்ணாடியை யாராவது தட்டிப் பேசிப் பார்த்திருக்கிறீர்களா?

12. டீசல்மனசு

சார், இதைப் படித்ததும் வெளியே போய் என் வண்டியையும் பக்கத்து வீட்டுப் புது எஸ்யூவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் சொல்வது அப்படியே இருக்கிறது. அந்த வண்டியின் ஜன்னல் விளிம்பு என் தோளுக்கும் மேலே. என் வண்டியில் முழங்கையை வெளியே ஊன்றிக்கொள்ள முடிகிறது.

13. நிழல்வண்டி

இரட்டைடேங்க் சார் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. என் வண்டியை வாங்கியதும் நான் முதலில் செய்த வேலை, நான்கு ஜன்னலுக்கும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியது. வெயிலுக்காக. ஐந்து வருடமும் அது இருந்தது. நான் சந்தித்த அத்தனை ஆட்களும் முகம் தெரியாத ஒருவனிடம்தான் பேசியிருக்கிறார்கள். அது முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன், படம் எடுத்துக்கொண்டே வந்தவர் எப்படியும் எடுத்திருப்பார். ஆனாலும் அந்த ஃபிலிம் ஞாபகம் வந்தது.

அமைதிவி8, எல்எஸ்400 பற்றி இன்று மாலை முழுவதும் படித்தேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

14. பழையசாவி

எல்லோருக்கும் நன்றி. ஸ்பானர் சார், உங்கள் பதிவைப் பார்த்த அன்றே டயரைப் படித்தேன். பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. நான்கும் மாற்றிவிட்டேன். ஹோஸ்களும் ஆயில்களும் போன வாரம் முடிந்தன. தினமும் ஓட்டுவதையும் நிறுத்திவிட்டேன். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும்.

இந்த ஞாயிறு நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கிட்ட வரவில்லை. நானே போய்ப் பேசினேன். இதே மாடலை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவராம், ஒரு முதலாளிக்கு. ஒரு நாளும் தன் சொந்த வேலைக்கு அதை எடுத்ததில்லை என்றார்.

சாவியை நீட்டினேன். வாங்க மறுத்தார். மறுபடி நீட்டினேன். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏறினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீட்டின் உயரம் அவருக்குச் சரியில்லை. இந்த வண்டியில் சீட்டை நகர்த்தும் சுவிட்ச் கதவில் இருக்கும், சீட்டின் வடிவத்திலேயே. அவர் கீழே பார்க்கவே இல்லை. கண் சாலையில் இருக்க, கை தானாகக் கதவுக்குப் போய், அந்தச் சின்ன சீட்டின் அடிப்பாகத்தை ஒரு விரலால் மேலே தூக்கியது. சீட் உயர்ந்தது. அந்த விரலை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

நான்கு கிலோமீட்டர் ஓட்டினார். கியர் மாறுவது எனக்குத் தெரியவே இல்லை. நான் ஓட்டும்போது தெரியும். பிரேக்கை எப்போது தொட்டார், எப்போது விட்டார் என்பதும் தெரியவில்லை. "பின்னாடி இருக்கிறவர் தூங்கணும் தம்பி, வண்டி நின்னதுகூட அவருக்குத் தெரியக் கூடாது" என்றார். பேச்சு அவ்வளவுதான்.

இறங்கும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "முன்னாடி வலது சக்கரத்துல லேசா ஒரு இரைச்சல் கேக்குது, பாத்துக்கங்க" என்றார். மூன்று மாதமாக நான் ஓட்டுகிறேன். எனக்குக் கேட்டதில்லை. திரும்பி வரும்போது ஜன்னலை இறக்கிவிட்டு வந்தேன், கேட்டது.

15. ஸ்பானர்13

இடது பக்கம் வளைத்துத் திருப்பும்போது இரைச்சல் கூடுகிறதா, குறைகிறதா?

16. பழையசாவி

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் சார். இடது பக்கம் திருப்பினால் கூடுகிறது. வலது பக்கம் திருப்பினால் அடங்கிவிடுகிறது.

17. ஸ்பானர்13

அப்படியென்றால் வலது சக்கர பேரிங்தான். இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலதுக்கு மாறும், அதனால் கூடுகிறது. பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போட வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி பேரிங்கை வெளியே எடுத்து, பழைய கிரீஸை முழுவதும் கழுவிவிட்டு உருளைகளைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலோ குழி விழுந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். சுத்தமாக இருந்தால் புது கிரீஸ் வைத்து, நட்டை அளவாக இறுக்கினால் போதும். ரொம்ப இறுக்கிவிடாதீர்கள்.

சரியானதும் அவரை மறுபடி கூப்பிட்டு ஓட்டச் சொல்லுங்கள். சரியாகிவிட்டதா என்று என்னை விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.